மாரப்பன் பேசி முடிக்கும் வரை

முதலமடை மாங்காய் விவசாயிகள் சங்கத்தின் தொலைபேசியில் செந்தூரி பேசத் தொடங்கிய வருடம், கார்த்திகையில் காலையில் பூத்த மாமரங்கள் மாலைக்குள் காய்த்துவிட்டன. காய்கள் எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தன. கொட்டை கிடையாது, கடித்தால் வெறும் தண்ணீர் ருசி. சுள்ளியாறு அணைப் பக்கத்துத் தோப்புகளில் இது கொஞ்சம் குறைவு, கோவிந்தாபுரம் சாலையை ஒட்டிய தோப்புகளில் அதிகம். அந்தப் பக்கத்துக்காரர்கள்தான் செந்தூரியை அடிக்கடி அழைத்தார்கள். பார்வையிட வந்த அதிகாரி ஒரு காயைக் கையில் உருட்டிப் பார்த்து, விதையில்லாத ரகம் என்று குறித்துக்கொண்டு போனார்.

செந்தூரி மனுஷி அல்ல. சங்கம் வாங்கி வைத்த ஒரு குரல். எந்த நேரத்தில் அழைத்தாலும் எடுக்கும். லாரி எப்போது வரும், மருந்து எப்போது அடிக்கலாம், டெல்லிக்கு எந்த ரகம் போகிறது என்பதையெல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் சொல்லும். தோப்பைக் குத்தகைக்கு விடுகிறவரையும் எடுக்கிறவரையும் அதுவே சேர்த்துவைக்கும். அந்தக் குரலைச் செய்தவள் ஆன்மேரி. ஏலப்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள், இப்போது எர்ணாகுளத்தில் பேசும் குரல்கள் செய்கிற கம்பெனியில் வேலை. ஒரே அறையில் அப்பா, அம்மா, அத்தைகள், அண்ணன்மார் என்று நெருக்கியடித்த வீடு அவளுடையது. அடுத்தவர் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே புகுந்து பேசினால்தான் குழம்பில் மீன் துண்டு கிடைக்கும். சங்கத்துக்காரர்கள் குரல் கலகலப்பாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். கலகலப்பு என்றால் அவளுக்குத் தெரிந்தது தன் வீட்டுக் கலகலப்புதான், அதையே செந்தூரிக்கும் கொடுத்தாள். அழைக்கிறவர் வாக்கியத்தின் முதல் பாதியைச் சொன்னதும் செந்தூரி மறுபாதியை ஊகித்துக்கொள்ளும், அவர் மூச்சு வாங்கும் இடத்தில் சந்தோஷமாகப் பதிலைத் தொடங்கிவிடும்.

செந்தூரியின் சுபாவம் அழைத்தவர்களின் வீடு வாசலுக்கும் பரவியது. கறந்த பால் பாத்திரத்தில் விழும்போதே தயிரானது. கொல்லங்கோட்டுப் பேருந்து, ஏற வேண்டியவர்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே வந்து போய்விட்டது. ஆட்டிய மாவு உடனே புளித்ததில் பெண்களுக்குச் சௌகரியம். மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் போனை வைத்து, தேவையில்லாமல் லாரி விசாரித்தார்கள். பிஞ்சிலேயே பழுத்த மாங்காயை டெல்லிக்காரர்கள் திருப்பி அனுப்பத் தொடங்கிய பிறகுதான் சிலர் முகத்தைச் சுளித்தார்கள்.

அந்த அவசரத்தில் ரொம்ப அடிபட்டவர் மாரப்பன். செந்தூரமும் பங்கனபள்ளியும் நிற்கிற ஒரு தோப்பு அவருக்கு உண்டு. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லை அவர் எடுப்பதற்குள் ஒரு லாரி பின்வாங்கித் திரும்பிவிடலாம். நாக்கிலும் குறையில்லை, புத்தியிலும் குறையில்லை. அடுத்த சொல் சரியானதுதானா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார். கேட்கிறவர்களுக்கு அத்தனை நேரம் இல்லை. நடத்துனர், உறவுக்காரர்கள், உரக்கடைக்காரர் எல்லாரும் அவருக்காக அவருடைய வாக்கியங்களை முடித்து வைத்தார்கள். மற்ற எல்லாரையும்விட அதிகமாக முடித்தவர் மனைவி கமலாத்தாள். நல்ல மனசு, வேகமான வாய். கல்யாணமான நாளிலிருந்து மாரப்பனின் பேச்சில் பின்பாதி மனைவியுடையதாகவே இருந்தது. பெரும்பாலும் சரியாகவே சொன்னார்.

ஒரு தடவைதான் சரியாக வரவில்லை. மகன் கோகுல்நாத் படிப்பு முடித்து, தோப்பு வேலை தனக்கு ஒத்துவராது, பெங்களூர் போகிறேன் என்று வாசலில் பையோடு நின்றான். மாரப்பன், "நீ போனா…" என்று ஆரம்பித்தார். அழுகையும் ஆத்திரமுமாக நின்ற கமலாத்தாள், "இந்த ஊட்டு வாசப்படிய மிதிக்காதங்கறாரு, கேட்டுக்க!" என்று முடித்தார். மகன் கேட்டுக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு நோம்பி, பண்டிகை நாளில் அம்மாவுக்குப் போன் வரும், அப்பாவை விசாரிப்பதில்லை, ஊருக்கு வருவதுமில்லை. வருடங்கள் போயின. தான் சொல்ல வந்தது அதுவல்ல என்று சொல்ல மாரப்பன் பலமுறை வாயெடுத்தார். "அன்னைக்கு…" என்று அவர் தொடங்கினால் கமலாத்தாள், "அன்னைக்கு வாங்குன மருந்து தீந்துபோச்சுங்க, நாளைக்குப் போயி வாங்கிட்டு வாங்க" என்பார்.

இப்படிப்பட்டவரைத்தான் செந்தூரி ஒருநாள் அழைத்து, தோப்பைக் குத்தகைக்கு விடுகிறீர்களா என்று கேட்டது. மாரப்பன், "சரிங்க…" என்றார். ஊட்டுல கேட்டுட்டுச் சொல்றனுங்க என்பது மிச்சம். செந்தூரி, "ரொம்ப சந்தோசம் அய்யா, பதிஞ்சாச்சு!" என்று சொல்லி வைத்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் வியாபாரி ஜோபியின் லாரியும் ஆட்களும் வந்து இறங்கினார்கள். மாரப்பன் வேலியருகே நின்று, "இது…" என்றார். "இது மொத்தமும் நம்மளுக்குத்தானே சேட்டா, தெரியும்" என்று ஜோபி சிரித்துக்கொண்டே உள்ளே போனான். மாரப்பனுக்கு அடுத்த சொல் வந்தபோது மரங்களில் இலை மட்டும் இருந்தது.

கமலாத்தாள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு சங்கத்துக்குப் போனார். சங்கச் செயலாளர் பொங்கியண்ணன் நாற்காலியை விட்டு எழுவதற்குள் விஷயம் முழுவதையும் கொட்டிவிட்டார்.

"ஏனுங்க, அவர் வாயிலிருந்து வந்தது ஒத்தச் சொல்லு. அந்த ஒத்தச் சொல்லுக்கு ஒரு தோப்பா? பேச உடாம எழுதிக்கற மிசினு எதுக்குங்க நமக்கு?"

பொங்கியண்ணனுக்கு வாயில் ஒன்று வந்தது, மாரப்பனைப் பேசவிடாமல் வைத்திருப்பது யார் என்று. நல்லவேளையாக அதைச் சொல்லவில்லை. ஜோபியைக் கூப்பிட்டார். ஜோபி ஏமாற்றுக்காரன் அல்ல, மெஷின் சம்மதம் என்றதால்தான் வந்தேன் என்று அவன் கையைப் பிசைந்தான், பறித்ததை மரத்தில் ஒட்டவைக்க முடியாதே என்று வருத்தப்பட்டான். பொங்கியண்ணன் ஆன்மேரியை வரச் சொன்னார்.

ஆன்மேரி வந்தாள். முதலில் மாரப்பனைப் பார்த்து நடந்ததைக் கேட்டாள். அவர் "அது…" என்றதும், "வெளங்குது அய்யா" என்றாள். "வெளங்கல…" என்று அவர் ஆரம்பித்ததும், "வெளங்கலன்னா நான் வெளங்க வைக்கேன்" என்றாள். பிறகு சங்கத்து மாடியில் உட்கார்ந்து, வருடம் முழுவதும் பதிவான பேச்சுகளைக் காதில் மாட்டிக் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்குக் காது சூடானது. அழைத்தவர்கள் மூச்சு வாங்குகிற இடமெல்லாம் செந்தூரியின் குரல் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. அவசரக்காரர்கள் அதோடு சேர்ந்து சிரித்துப் பேசினார்கள், அவர்களுக்குக் குறையொன்றுமில்லை. தயங்கிப் பேசுகிறவர்கள் ஒவ்வொரு அழைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, கடைசியில் "ம்" மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்கள்.

கீழே இறங்கி வந்து, "மெஷின்ல பழுது ஒண்ணும் இல்ல சார். அதோட கொணம் எங்க வீட்டுக் கொணம்" என்றாள். "அது இந்த ஊருக்குக் கொஞ்சம் சாஸ்தி. மாத்தித் தாரேன்."

"கொணத்த மாத்த முடியுமாம்மா?"

"எனக்கு மாத்தணும்னா கஷ்டம். அதுக்கு மாத்திரலாம்."

அந்த வேலை முடிய அடுத்த சீசன் நெருங்கிவிட்டது. ஆன்மேரி அவ்வப்போது வந்து மாரப்பன் வீட்டிலேயே தங்கினாள். அவரோடு ஒழுங்காகப் பேசுகிற குரல் ஊரில் யாரோடும் பேசும் என்பது அவள் கணக்கு. முதலில் செந்தூரியை ஒரேயடியாகப் பொறுமைசாலி ஆக்கிப் பார்த்தாள். அது பேசாமலே இருந்தது, லைன் போய்விட்டது என்று ஜனங்கள் "ஹலோ ஹலோ" என்று கத்தினார்கள். பிறகு நடுவில் "ம்" போடக் கற்றுக்கொடுத்தாள். மூச்சுக்கு விடுகிற மௌனம் வேறு, சொல்லி முடித்த மௌனம் வேறு, முடித்தவரின் குரல் கடைசிச் சொல்லில் இறங்கும் என்று பிரித்துக் காட்டினாள். சத்தமாக முந்துகிற குணத்தைக் குறைத்து, கேட்கிறேன் என்று தெரியப்படுத்துகிற குணத்தைக் கூட்டினாள். சாயங்காலங்களில் அவளும் கமலாத்தாளும் சமையற்கட்டில் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் கேட்டார்கள். இரண்டு பேரில் யாரும் ஒரு வாக்கியத்தையும் முடிக்கவில்லை, இருவருக்கும் எல்லாம் புரிந்தது. அவர்களுக்கு அது தோதாகத்தான் இருந்தது.

புதுக் குணத்தோடு செந்தூரி பேசத் தொடங்கியதும் மாமரங்கள் பழையபடி தை பிறந்து பிஞ்சு விட்டன. ஊர் நிம்மதியானது. அந்தக் குணத்தின் இன்னொரு விளைவு முதலில் கமலாத்தாளின் அடுப்பில் தெரிந்தது. மாரப்பன் கூடத்தில் நின்று செந்தூரியிடம் மருந்து பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். பால் பொங்கி மேலே வந்தது, விளிம்பைத் தாண்டி நுரை எழுந்து அப்படியே நின்றது. அவர் இரண்டு சொல்லுக்கு நடுவில் இருந்தார். கமலாத்தாள் சாவகாசமாக வந்து பாத்திரத்தை இறக்கி வைத்தார். மாரப்பன் கேட்டு முடித்ததும் நுரை அடங்கியது.

செந்தூரி ஒருவர் முடிக்கட்டும் என்று காத்திருக்கும்போது சுற்றிலும் உள்ளவையும் காத்திருந்தன. மனிதர்களும் மாடுகளும் வழக்கம்போல நடமாடினார்கள். விழப்போவது, பொங்கப்போவது, அணையப்போவது மட்டும் நின்றது. வாக்கியம் நீள நீள அந்த நிற்றல் வீட்டைத் தாண்டி, சாலையைத் தாண்டிப் பரவியது. ஆனால் பேச்சில் இடைவெளி வேண்டும். கமலாத்தாள் முயன்று பார்த்தார், அவர் பேச்சில் ஒரு ஈ உட்காரக்கூட இடமில்லாததால் எதுவும் நிற்கவில்லை. ஊரில் மாரப்பனுக்கு மட்டும்தான் அது நன்றாக வந்தது. பழைய வீட்டைப் பிரிக்கிறவர்கள் உத்தரத்தை இறக்கும்போது அவரை அழைத்துப் போனார்கள். அவர் போனில் நாளைய லாரியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க, உத்தரம் காற்றில் நின்று பத்திரமாக இறங்கியது.

பங்குனியில் தோப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் பழுத்து நின்றபோது, தென்மலைப் பக்கத்திலிருந்து கருமேகம் ஏறியது. மழை இல்லை என்று காலைச் செய்தியில் சொல்லியிருந்தார்கள். கொல்லங்கோட்டில் ஆலங்கட்டி விழுகிறது என்று போன் வந்தது. ஆலங்கட்டி பட்ட மாம்பழம் மறுநாளே கறுக்கும், ஒரு வருடப் பாடும் அதோடு போகும். பொங்கியண்ணன் வண்டியை விரட்டிக்கொண்டு மாரப்பன் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"மாரப்பா, போனை எடுத்துப் பேசு. நிறுத்தி நிதானமா, உன்ற இஷ்டத்துக்குப் பேசு."

இந்த வார்த்தையை அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. மாரப்பன், "என்னத்த… பேசறது?" என்று கேட்டார்.

"எதையாச்சும் பேசப்பா. முடிச்சு மட்டும் போட்றாத."

மாரப்பன் வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்து செந்தூரியை அழைத்தார். "நாஞ் சொல்ல வந்தது… என்னன்னா…" என்றார். செந்தூரி "ம்" என்றது. மேகம் மலை விளிம்பில் நின்றது. ஏற்கெனவே இறங்கிவிட்ட மழைக் கம்பிகள் தரையைத் தொடாமல், தறிப் பாவில் நூல் இழுத்துக் கட்டிய மாதிரி, மீன்கரை அணைப் பக்கம் தொங்கின. அவற்றுக்கிடையில் ஆலங்கட்டிகள் அசையாமல் இருந்தன. சனங்கள் தோப்புகளுக்கு ஓடினார்கள். ஜோபி எங்கெங்கோ நின்ற தன் லாரிகளையெல்லாம் திருப்பிக் கொண்டுவந்தான். பறித்த பழம் கீழே விழாமல் அந்தரத்தில் நின்றதால் அடிபடவில்லை. பெண்கள் காற்றிலிருந்து பழங்களை எடுத்துக் கூடையில் அடுக்கினார்கள்.

மாரப்பன் பேசினார். பேசுவதற்கு அவரிடம் ஒரு ஆயுசு மிச்சமிருந்தது. எந்த மரம் எந்த மழையில் வைத்தது, எந்த ஒட்டு ஏன் பிடிக்கவில்லை, நடத்துனரிடம் சில்லறை பற்றிச் சொல்ல வந்தது என்ன, மாமனார் வீட்டில் கமலாத்தாளின் தாத்தா கேட்டதற்குத் தான் சொல்ல நினைத்த பதில் என்ன என்று ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம் வைத்தார், எதையும் மூடவில்லை. பக்கத்தில் நின்ற கமலாத்தாளுக்குத்தான் பாடு. ஒவ்வொரு இடைவெளியிலும் அவருக்கு உதடு துடித்தது. "அந்த வருசம்… கெணத்துல…" என்று மாரப்பன் சொன்னபோது, "தண்ணி வத்திப்போச்சு!" என்று வாய் தவறிவிட்டது. அந்த வாக்கியம் மூடிக்கொண்டது, ஒரு கூடை ஆலங்கட்டி சங்கத்துக் கூரைமேல் சடசடவென்று விழுந்தது. கமலாத்தாள் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

ஊர்த் தோப்புகள் எல்லாம் காலியாயின. மாரப்பன் பேச்சில் இருந்ததாலும் கமலாத்தாள் வாயை அடைத்து நின்றதாலும் அவர்களுடைய தோப்பில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. ஜோபிக்கு அது ஞாபகம் வந்ததும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, கூலி பேசாமல் உள்ளே இறங்கினான். பாதித் தோப்பு ஆகியிருக்கும். மாரப்பன் சொல்லிக்கொண்டே வந்து ஓரிடத்தில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு, "கோகுலு… பெங்களூரு போறன்னு நின்னப்ப… நீ போனான்னு… நாஞ் சொன்னனுங்க" என்றார். செந்தூரி "ம்" என்றது.

கமலாத்தாள் தலைப்பை வாயிலிருந்து எடுத்தார். தன்னுடைய போனை எடுத்து மகனை அழைத்து, கட்டிலில் மாரப்பனுக்குப் பக்கத்தில் வைத்தார். பெங்களூரில் கோகுல்நாத் எடுத்து, "அம்மா?" என்றான். பதில் இல்லை. அம்மா போனில் பேசாமல் இருந்து அவன் கேட்டதே கிடையாது. பயந்துபோய் வண்டியைச் சாலையோரம் நிறுத்தினான். எதிரே சிக்னல் மாறாமல் நின்றதாக அப்புறம் சொன்னான், பெங்களூரில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது அவனுக்கு அப்பாவின் குரல் கேட்டது.

தோப்புக்குள்ளிருந்து ஜோபி கத்தினான். "சேட்டா, பாதிதான் ஆயிருக்கு! முடிச்சிராதீங்க!"

மாரப்பன் தோப்பைப் பார்த்தார். செந்தூரம் அந்த வருடம் நல்ல சிவப்பு. வானத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் வாக்கியத்தை வளைத்துக்கொண்டு போக அவரால் முடியும், வேண்டிய மட்டும் சொற்கள் இருந்தன. ஆனால் கட்டிலில் கிடந்த போனில் மகனின் மூச்சு கேட்டது, அது இன்னொரு முறை காத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

"நீ போனா…" என்றார். "போற எடத்துல… நல்லாயிரு. தோப்ப… நான் பாத்துக்கறன்."

கடைசிச் சொல்லில் குரல் இறங்கியது. செந்தூரி காத்திருக்க வேண்டிய அளவு காத்திருந்தது. பிறகு, "சரிங்க அய்யா, கேட்டுட்டேன்" என்றது. மழை விழுந்தது. ஆலங்கட்டி வேப்பமரத்தைக் கிழித்தது, மிச்சப் பாதித் தோப்பின் பழங்கள் எல்லாம் தரையில் கிடந்தன. ஜோபியும் ஆட்களும் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார்கள். மாரப்பனும் கமலாத்தாளும் கட்டிலோடு நனைந்தார்கள். நனைந்த போனில் கோகுல்நாத், "சரிங்கப்பா" என்றான். கொஞ்சம் கழித்து மறுபடியும், "சரிங்கப்பா" என்றான்.

"இத்தன வருசமா இதயா உள்ள வெச்சிருந்தீங்க?" என்று கமலாத்தாள் கேட்டார்.

"ஆமா…" என்றார் மாரப்பன்.

கமலாத்தாள் இன்னும் ஏதாவது வருமா என்று காத்திருந்தார். வரவில்லை. எழுந்துபோய்த் துண்டு எடுத்துவந்து அவர் தலையைத் துவட்டினார்.

கோகுல்நாத் அந்த வாரமே வந்தான். வேலையை விடவில்லை, மாதம் ஒருமுறை வந்து போகிறான், வந்தால் அப்பாவோடு தோப்பைச் சுற்றுகிறான். அந்த நடைக்கு அரைநாள் ஆகிறது. ஆன்மேரியின் கம்பெனியில், முதலமடையில் மட்டும் அழைப்புகள் ஏன் இத்தனை நீளம் என்று விசாரித்தார்கள். அந்த ஊருக்கு அந்தக் குணம்தான் சரி, அதில் கை வைக்காதீர்கள் என்று அவள் சொல்லிவிட்டாள். வட்டவடையில் கேரட் போடுகிறவர்கள் கேள்விப்பட்டு, எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். அங்கே எல்லாரும் படபடவென்று பேசுகிறவர்கள், பனிமூட்டம் ஒரு நொடி நின்று போவதோடு சரி.

கோவிந்தாபுரம் சாலையில் இப்போது வானம் கறுத்தால் பெண்கள் யாராவது ஒருவரை மாரப்பன் வீட்டுக்கு அனுப்பி, இன்றைக்கு அவருக்குப் பேச ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவரச் சொல்கிறார்கள். இருக்கிறது என்றால் துணி கொடியிலேயே கிடக்கும். இல்லை என்றால் எடுத்து மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள்.